செக்கிங் கண்

பூட்டைத் திறந்து முதல் அடி வைத்ததும்
கணுக்காலில் ஏறின.
நாற்பத்தோரு நாள் ஆளில்லாத வீடு.
பட்டினியில் செத்திருக்கும் என்றிருந்தோம்.

"கூட்டுக்குள்ள தூங்கிட்டிருக்குமுங்க.
நடக்கற அதிர்வும் மூச்சுச் சூடும் பட்டாத்தான்
வெளிய குதிக்கும்" என்றார் கால்நடை டாக்டரம்மா,
பாபினின் வாலடியைச் சீப்பால் வாரிக்கொண்டே.
எங்கள் காலடிக்குக் காத்திருந்தனவாம்.
இந்தத் திருப்பூரில்
எங்களுக்கென்று வேறு யார் காத்திருந்தார்கள்?

ஆர்டர் இல்லையென்று கம்பெனி மூடியதும்
நாயையும் டேபிள் ஃபேனையும் தூக்கிக்கொண்டு
வெள்ளகோவில் நங்கையா வீட்டுக்குப் போனோம்.
வாடகை மட்டும் இங்கேயே தங்கி
ஓடிக்கொண்டிருந்தது.

எட்டு வருஷமாய் நான் செக்கிங்.
ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசி வெட்டு, விட்ட தையல்
எதுவும் இந்தக் கண்ணைத் தாண்டாது.
சீப்பில் வந்த கரும்பொடியை
ஈர வெள்ளைத் துணியில் தட்டச் சொன்னார்.
தட்டினேன்.
கருப்பு மெல்ல விரிந்து சிவந்தது.
மண்ணில்லை, தெள்ளு குடித்துக் கழித்த ரத்தம்.
பாபினுடையதா, என்னுடையதா,
எந்த மேஜையில் போட்டுப் பிரிப்பது?

"நாய் மேல பாக்கறது நூத்துக்கு அஞ்சுதானுங்க.
மீதி முட்டையும் புழுவுமா உங்க வூட்டுல கெடக்கு."

எங்கே கிடக்கிறது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.
கட்டிங் வேஸ்ட் அடைத்த சாக்கு,
நாய்க்கு மெத்தென்று இருக்கட்டும் என்று
கிலோக் கணக்கில் வாங்கி
நானே என் கையால் தைத்துப் போட்டது.
பொடக்காளியில் வைத்துக் கொளுத்தினோம்.
பாபின் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து
தன் படுக்கை எரிவதைப் பார்த்தது.

"உங்க நாய், உங்க பூச்சி" என்றார் வீட்டுக்காரர் நாச்சிமுத்து.
ஆறு வீட்டுக்கும் ஒரே சுவர்,
சுவரெல்லாம் விரிசல்,
தெள்ளுக்கு வாடகை ஒப்பந்தம் தெரியுமா?
வேப்பந்தழைப் புகை போட்டால் போதும் என்றார்.
போட்டோம்.
நாங்கள் இருமினோம், அவை இருமவில்லை.

பக்கத்து வீட்டு சஞ்சுக்தா
சொட்டு மருந்துக் குப்பியைக் கேட்காமலே எடுத்துப்போய்
தன் பூனையின் பிடரியைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.
செருப்பில்லாமல் ஓடினேன்.
நாய் மருந்து பூனைக்கு எமன், டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.
எனக்கு ஒடியா வராது, அவளுக்கு என் தமிழ் எட்டாது.
நாக்கைத் தள்ளி, கண்ணைச் செருகி,
அவள் வாசலிலேயே செத்து விழுந்து காட்டினேன்.
சிரித்தாள்.
பிறகு சிரிப்பு நின்றது.
பூனையை நெஞ்சோடு அப்பிக்கொண்டாள்.
மறுநாள் அவளும் சீமாறோடு வந்தாள்,
கட்டிலடி, கதவிடுக்கு, அரிசி டிரம்முக்குப் பின்னால்,
வெந்நீரில் போர்வை, தலையணை உறை,
அவள் பிள்ளையின் பள்ளிக்கூடப் பையும்கூட.

ராத்திரி
வட்டலில் சோப்புத் தண்ணீர், மேலே ஒரு பல்ப்.
ரிஜக்ட் ஆன வெள்ளை சாக்ஸை முழங்கால் வரை இழுத்துவிட்டு
அர்த்தநாரி வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி நடப்பார்.
நான் டார்ச் அடித்து எண்ணுவேன்.
முப்பத்தியிரண்டு.
பதினாறு.
ஏழு.
தேதித்தாளில் எழுதி வைத்தேன்.
ஏழுக்கு அடுத்த நாள் இருபத்தி நான்கு.
சாக்ஸைக் கழற்றாமலே உட்கார்ந்துவிட்டார்.
கம்பெனிக்காரன் வாயிலிருந்து கேட்க வேண்டிய எண்களுக்கு
இங்கே குந்தி அழுதோமே என்றார்.
"புதுசாப் பொரிஞ்சதுங்க, வெசனப்படாதீங்க, நிறுத்தாதீங்க"
என்றது போன்.

திங்கட்கிழமை கம்பெனி திறந்தது,
ஒரே ஒரு ஷிப்ட், அதுவும் பாதி டேபிள்.
இரண்டு ராத்திரியாய் வட்டல் சுத்தம்.
மூன்றாம் ராத்திரி ஒன்று கிடந்தது,
தண்ணீரில் தாவத் தெரியாமல்
காலை மட்டும் மடக்கி மடக்கி.
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பாவம் என்று தோன்றவில்லை.
பாவமில்லை என்றும் தோன்றவில்லை.

இப்போதெல்லாம் வேலை முடிந்து வந்தால்
வாசப்படி தாண்டியதும்
தரை அதிர மூன்று தரம் மிதிக்கிறேன்.
தூங்குவது எழட்டும்,
மருந்து காயாத தரையில் எழட்டும்.
பாபின் ஒரு காதை மட்டும் தூக்குகிறது.
"யாரு?" என்கிறார் உள்ளேயிருந்து,
பாதித் தூக்கத்தில்.
"செக்கிங்" என்கிறேன்.